சீட்டுக்கட்டும் நம்பிக்கைக் கணக்கும்

சீட்டுக்கட்டு என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பணம் வைத்து ஆடிக் கெட்டவர் கதை ஒன்றாவது எல்லா ஊரிலும் இருக்கும். மாணவர்களுக்கான அறிவியல் இதழில் சீட்டுக்கட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கவலை வேண்டாம்; இக்கட்டுரையில் நாம் சீட்டாடப் போவதில்லை. இன்னும் அச்சாகாத ஒரு சீட்டுக்கட்டுக்கு முன்கூட்டியே பணம் கொடுக்கலாமா, கூடாதா என்பதே நம் கேள்வி. கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண நிகழ்தகவு வேண்டும், உராய்வு வேண்டும், எடையும் அளவும் வேண்டும், கொஞ்சம் கூட்டல் கழித்தலும் வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, 'இதற்கு என்ன சான்று?' என்று கேட்கும் அறிவியல் மனப்பான்மை வேண்டும்.

அச்சாகாத சீட்டுக்கு முன்பணம்

அமெரிக்காவில் புதுப்புது ஓவியங்களோடு சீட்டுக்கட்டுகளை வெளியிடும் வழக்கம் பரவலாக உள்ளது. மந்திர வித்தைக்காரர்களும், சேகரிப்பாளர்களும், அழகிய அச்சு வேலையை விரும்புகிறவர்களும் இவற்றை ஆவலோடு வாங்குகிறார்கள். ஓவியரிடம் கற்பனை இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான கட்டுகளை அச்சடிக்கப் பணம் இருக்காது. எனவே அவர் தம் ஓவியங்களை இணையத்தில் வெளியிட்டு, 'இதை விரும்புகிறவர்கள் முன்பணம் தாருங்கள். அச்சானதும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்' என்று அறிவிக்கிறார். பலரிடமிருந்து சிறு சிறு தொகையாகத் திரட்டும் இம்முறையைத் 'திரள்நிதி' எனலாம். 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கிக்ஸ்டார்ட்டர்' என்ற அமெரிக்க நிறுவனம் இதற்கான இணையத்தளங்களுள் பெயர்பெற்றது.

கருத்து ஒன்றும் புதிதன்று. நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். சிலை பிரான்சிலிருந்து வந்தது. ஆனால் அதை நிறுத்தும் பீடத்தைக் கட்ட அமெரிக்காவில் பணம் போதவில்லை. 1885ஆம் ஆண்டு ஜோசப் புலிட்சர் என்ற பத்திரிகை அதிபர் தம் நாளிதழ் மூலம் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். பணம் கொடுத்தவர்களின் பெயரெல்லாம் பத்திரிகையில் அச்சாயிற்று. ஏறத்தாழ ஐந்து மாதங்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவே.

நம்மிடையே ஏலச்சீட்டு உண்டு. 'சீட்டுக் கட்டுகிறேன்' என்று நம் வீடுகளில் சொல்வது அதைத்தான். அதில் சீட்டுப் பிடிப்பவரின் வீடு எது, வாசல் எது, அவர் குணம் எப்படி என்று நமக்குத் தெரியும். திரள்நிதியில் அப்படியன்று. பணம் கேட்பவர் கடல் கடந்த ஊரில் இருக்கலாம். அவர் முகத்தையே நாம் பார்த்திருக்க மாட்டோம். அறிமுகம் செய்ய வேண்டிய வேலையை இங்கே சான்றுகள்தாம் செய்ய வேண்டும்.

நீதிமன்றம் சென்ற ஒரு சீட்டுக்கட்டு

2012ஆம் ஆண்டு 'அசைலம்' என்ற பெயரில் ஒரு சீட்டுக்கட்டுத் திட்டம் கிக்ஸ்டார்ட்டரில் வெளியாயிற்று. அதை நடத்தியது டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த 'ஆல்ட்டியஸ் மேனேஜ்மென்ட்' என்ற நிறுவனம். செர்பிய நாட்டு ஓவியர் ஒருவர் வரைந்த அச்சமூட்டும் படங்கள் அதன் சிறப்பு. 810 பேர் சேர்ந்து 25,146 டாலர் கொடுத்தார்கள். அதாவது ஆளுக்குச் சராசரியாக 31 டாலர். அக்டோபர் இறுதியில் திட்டம் நிறைவு பெற்றது. அந்த டிசம்பரிலேயே சீட்டுகள் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது.

டிசம்பர் போயிற்று, அடுத்த டிசம்பரும் போயிற்று. 2013 ஜூலைக்குப் பிறகு பணம் கொடுத்தவர்களுக்கு அந்நிறுவனத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை. 2014 மே மாதத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் அப்போதைய அட்டர்னி ஜெனரல் பாப் ஃபெர்குசன் வழக்குத் தொடர்ந்தார். திரள்நிதித் திட்டம் ஒன்றின்மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமெரிக்க மாநிலம் ஒன்று தொடர்ந்த முதல் வழக்கு இதுவே. 2015இல் தீர்ப்பு வந்தது. அம்மாநிலத்தில் பணம் கொடுத்திருந்த 31 பேருக்கு 668 டாலர் திருப்பித் தர வேண்டும்; ஒரு மீறலுக்கு 1,000 டாலர் வீதம் 31,000 டாலர் அபராதம் கட்ட வேண்டும்; வழக்குச் செலவு 23,183 டாலர். ஆக மொத்தம் 54,851 டாலர். திரட்டிய தொகையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கட்டும்படி ஆயிற்று.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓவியர் உண்மையானவர், ஓவியங்களும் உண்மையானவை, பார்த்தவர்கள் மயங்கும்படி நன்றாகவும் இருந்தன. அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது?

ஐந்து கண்ணிகள் உள்ள சங்கிலி

'இந்தச் சீட்டுக்கட்டு உங்கள் கைக்கு வரும்' என்பது ஒரே கூற்றுப் போலத் தோன்றும். உண்மையில் அதனுள் ஐந்து கூற்றுகள் அடங்கியுள்ளன. ஒன்று, ஓவியங்கள் முடிந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்த உரிமையும் இருக்கிறது. இரண்டு, அச்சடிக்கத் தகுதியுள்ள ஆலை ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறது. மூன்று, திரளும் பணம் செலவுக்குப் போதும். நான்கு, அந்தப் பணம் வேறு வழியில் செலவாகாது. ஐந்து, அச்சான கட்டுகளைப் பொதி செய்து நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு அனுப்ப ஆளும் ஏற்பாடும் உண்டு.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும், தொங்கும் விளக்கு கீழே விழுந்துவிடும். ஒவ்வொரு கண்ணியும் 98 சதவீதம் உறுதியானது என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றை ஒன்று சாராத நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும் என்பது நீங்கள் படித்ததுதான். 0.98ஐ ஐந்து முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.90 வரும். அதாவது ஒவ்வொரு படியும் அவ்வளவு உறுதியாக இருந்தும், நூற்றுக்குப் பத்துத் திட்டங்கள் தவறிவிடும்!

உண்மை நிலவரமும் இதற்கு அருகில்தான் உள்ளது. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈத்தன் மோலிக், கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுத்த ஏறத்தாழ 50,000 பேரிடம் கேட்டு 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இலக்கை எட்டிய எல்லா வகைத் திட்டங்களையும் சேர்த்துப் பார்த்ததில், சுமார் 9 சதவீதம் சொன்ன பொருளைத் தரத் தவறியிருந்தன. இந்த 9 சதவீதமும் மோசடி என்று எண்ணிவிடாதீர்கள். கணக்குத் தெரியாமல் இறங்கியவர்கள், நோய்வாய்ப்பட்டவர்கள், ஆலையால் ஏமாற்றப்பட்டவர்கள் எல்லோருமே இதில் அடக்கம்.

அசைலம் கட்டின் ஓவியங்கள் முதல் கண்ணிக்கு மட்டுமே சான்று. மற்ற நான்கு கண்ணிகளைப் பற்றி அவை எதையும் சொல்லவில்லை. ஒரு சான்றைப் பார்த்ததும் 'இது எதற்குச் சான்று?' என்று கேட்டுப் பழக வேண்டும்.

எது சான்று, எது அலங்காரம்?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 1,000 திட்டங்கள் இருக்கின்றன. மேலே சொன்ன 9 சதவீதத்தின்படி அவற்றில் 90 தவறும், 910 நிறைவேறும்.

முதலில் 'படங்கள் அழகாக உள்ளன' என்ற அடையாளத்தை எடுத்துக்கொள்வோம். தவறும் திட்டங்களிலும் நிறைவேறும் திட்டங்களிலும் ஒரே மாதிரியாக 80 சதவீதத்தில் அழகிய படங்கள் உள்ளன என்று கொள்வோம். 90இல் 72, 910இல் 728. அழகிய படமுள்ள திட்டங்கள் மொத்தம் 800. அவற்றுள் தவறுபவை 72. 72ஐ 800ஆல் வகுத்தால் மீண்டும் அதே 9 சதவீதம்! படத்தைப் பார்ப்பதற்கு முன் என்ன அறிந்திருந்தோமோ, பார்த்த பின்னும் அதே அளவுதான் அறிவோம்.

அடுத்து, 'அச்சிட்ட மாதிரி ஒன்றையும் காட்டவில்லை, அச்சகத்தின் பெயரையும் சொல்லவில்லை' என்ற அடையாளத்தைப் பார்ப்போம். இது தவறும் திட்டங்களில் மூன்றில் இரு பங்கிலும், நிறைவேறும் திட்டங்களில் ஐந்தில் ஒரு பங்கிலும் காணப்படுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்போது 90இல் 60, 910இல் 182. இந்த அடையாளம் உள்ளவை மொத்தம் 242. அவற்றுள் தவறுபவை 60. அதாவது ஏறத்தாழ 25 சதவீதம். 9ஆக இருந்த ஐயம் ஒரே அடியில் 25ஆக உயர்ந்துவிட்டது. இந்த அடையாளம் இல்லாத 758 திட்டங்களுள் தவறுபவை 30 மட்டுமே. அதாவது 4 சதவீதம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். ஓர் அடையாளம் நல்லதிலும் கெட்டதிலும் ஒரே அளவில் தென்பட்டால் அது சான்றாகாது, வெறும் அலங்காரமே. ஒன்றில் மிகுதியாகவும் மற்றதில் குறைவாகவும் தென்படுவதே சான்று. இன்னொன்றும் உண்டு. கெட்ட அடையாளம் இருந்தும் 242இல் 182 திட்டங்கள் நிறைவேறிவிடுகின்றன அல்லவா? ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு ஒருவரை 'மோசடிக்காரர்' என்று சொல்லிவிடுவது கணக்குக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. இந்தக் கணக்கு முறைக்கு வழி வகுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேயிஸ் என்னும் பாதிரியார்.

பார்ப்பவரை மயக்கும் படங்களின் சிக்கலைக் கிக்ஸ்டார்ட்டரும் உணர்ந்தது. கருவிகள், பொருள் வடிவமைப்பு ஆகிய பிரிவுகளில், கணினியில் வரைந்து உண்மைப் பொருள்போலக் காட்டும் படங்களை 2012 செப்டம்பரில் தடை செய்தது; செய்து பார்த்த மாதிரியைக் காட்டுங்கள் என்றது.

இஸ்பேடு ஆஸ் சொல்லும் பாடம்

சீட்டுக்கட்டின் வரலாற்றிலேயே நம்பகத்தன்மை பற்றிய ஒரு பாடம் உண்டு. பெரும்பாலான கட்டுகளில் இஸ்பேடு ஆஸ் மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாக, வேலைப்பாட்டோடு இருக்கிறது என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இங்கிலாந்தில் சீட்டுக்கட்டுக்கு வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளம் இஸ்பேடு ஆஸில் இடம்பெற்றது. சாதாரண முத்திரையைப் போலியாகப் போட்டுவிடலாம் என்பதால், 1765 முதல் அந்த ஒரு சீட்டை அரசாங்க முத்திரை அலுவலகமே நுணுக்கமான வேலைப்பாட்டுடன் அச்சடித்துக் கொடுத்தது. அதைப் போலியாகச் செய்வது மரண தண்டனைக்குரிய குற்றம். 1805ஆம் ஆண்டு ஹார்டிங் என்ற ஒருவர் அதற்காகத் தூக்கிலிடப்பட்டார்.

தண்டனை கொடுமையானதுதான். ஆனால் அடையாளத்தைப் பற்றிய தத்துவம் சரியானது. போலி செய்ய எளிதான அடையாளத்துக்கு மதிப்புக் குறைவு. போலி செய்யக் கடினமான அடையாளத்துக்கே மதிப்பு அதிகம். 'எங்களுக்கு இத்துறையில் நீண்ட அனுபவம்' என்று எழுத ஒரு காசும் செலவில்லை. 'முன்பு மூன்று கட்டுகளை வெளியிட்டோம். வாங்கியவர்களின் கருத்து இதோ' என்று காட்ட உண்மையிலேயே மூன்று கட்டுகளை வெளியிட்டிருக்க வேண்டும். கணினியில் ஒரு பெட்டியை வரைவது எளிது. மாதிரிக் கட்டை ஒருவர் கையில் எடுத்து, கலைத்து, விசிறியாக விரித்துக் காட்டும் படத்தை எடுக்க மாதிரிக் கட்டு வேண்டும்.

அச்சக விஷயமும் அப்படியே. 'பைசைக்கிள்' என்ற புகழ்பெற்ற சீட்டுக்கட்டை 1885 முதல் வெளியிட்டு வருவது யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு நிறுவனம். சின்சினாட்டியில் வளர்ந்த அந்நிறுவனம் 2009இல் கென்டக்கி மாநிலத்து எர்லாங்கருக்கு இடம் மாறியது. 2019இல் பெல்ஜிய நாட்டுக் கார்ட்டாமுண்டி நிறுவனத்தின் வசமாயிற்று. அந்த வணிகப் பெயரைப் புதிய கட்டு ஒன்றில் போட அந்நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எனவே ஒருவர் அந்தப் பெயரைச் சொல்கிறார் என்றால், சரிபார்க்கக்கூடிய ஒரு கூற்றைச் சொல்கிறார் என்று பொருள். சரிபார்க்க முடிந்த கூற்றைத் துணிந்து சொல்வதும் ஒரு நல்ல அடையாளமே. ஆனால் யாராவது ஒருவர் உண்மையிலேயே சரிபார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

தராசும் அளவுகோலும்

இனி நம் பௌதிகத்தைக் கொஞ்சம் துணைக்கு அழைப்போம். அமெரிக்காவில் வழக்கமான போக்கர் அளவுச் சீட்டின் நீளம் 88.9 மி.மீ., அகலம் 63.5 மி.மீ. தடிமன் ஏறக்குறைய 0.3 மி.மீ. நல்ல சீட்டு ஒற்றைத் தாளன்று. இரண்டு தாள்களை நடுவில் கருமையான பசையிட்டு ஒட்டிச் செய்வார்கள். அந்தக் கருமை ஒளியை விழுங்கிவிடுவதால், விளக்குக்கு எதிரே பிடித்தாலும் மறுபுறம் தெரியாது.

52 சீட்டுகளை அடுக்கினால் உயரம் 52 × 0.3, அதாவது 15.6 மி.மீ. பெரிய ஆலைகளில் ஒரே தாளில் 56 சீட்டுகளாக அச்சடிப்பது வழக்கம். 52 போக மிச்சம் நான்கில் ஜோக்கர்களும் விளம்பரச் சீட்டுகளும் இடம்பெறும். 56 சீட்டுகளின் உயரம் 16.8 மி.மீ. ஒரு சீட்டின் பரப்பு ஏறக்குறைய 0.00565 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் அட்டை சுமார் 300 கிராம் இருக்கும் என்று கொண்டால் ஒரு சீட்டு 1.7 கிராம், 56 சீட்டுகள் 95 கிராம். பெட்டியோடு சேர்ந்து சுமார் 100 கிராம்.

இந்த எண்கள் எதற்கு? ஒருவர் 60 சீட்டுகள் தருவதாகச் சொல்லி, 15 மி.மீ. தடிமனுள்ள பெட்டியைக் காட்டினால், 18 மி.மீ. அடுக்கு அதற்குள் எப்படிப் போகும் என்று கேட்கலாம். 1,000 கட்டுகள் என்றால் 100 கிலோகிராம். நல்ல அரிசி மூட்டை இரண்டின் எடை அளவு. அது ஒருவர் வீட்டு வாசலில் வந்து இறங்கி, ஒவ்வொன்றாக உறையிடப்பட்டு, முகவரி எழுதித் தபாலுக்குப் போக வேண்டும். ஐந்தாம் கண்ணி எவ்வளவு கனமானது என்று இப்போது புரிகிறதா?

'எங்கள் சீட்டுகள் ஒப்பற்ற வழுக்கல் உடையவை' என்ற விளம்பரமும் அடிக்கடி வரும். நல்ல சீட்டின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகளை அழுத்திப் பதித்திருப்பார்கள். இரண்டு சீட்டுகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் இதனால் குறைகின்றன. இடையே காற்றும் தங்குகிறது. சீட்டுகள் ஒட்டாமல் நழுவுகின்றன. இது உண்மையே. ஆனால் 'ஒப்பற்ற' என்பது அளவு அன்று. எத்தனை என்று கேட்க வேண்டும்.

நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு பலகையில் ஒரு சீட்டை ஒட்டுங்கள். அதன்மேல் இன்னொரு சீட்டை வைத்து, அதன்மீது ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். மேல்சீட்டு நழுவத் தொடங்கும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பே உராய்வுக் குணகம். 17 டிகிரியில் நழுவினால் குணகம் சுமார் 0.31. புதுக் கட்டையும் பழைய கட்டையும் இவ்வாறு ஒப்பிட்டுப் பாருங்கள். விளம்பர மொழிக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

காசுக் கணக்கு

இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கத் தவறும் எண் ஒன்று உண்டு. அதுதான் இலக்குத் தொகை. கிக்ஸ்டார்ட்டரில், குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை முழுவதும் சேர்ந்தால்தான் பணம் வசூலிக்கப்படும். ஒரு டாலர் குறைந்தாலும் யாரிடமும் ஒரு காசும் வாங்கப்படுவதில்லை. பணம் கொடுப்பவர்களைக் காக்க இது ஒரு நல்ல ஏற்பாடு. நம் வீட்டு மின்சுற்றில் இருக்கும் ஃபியூஸ் கம்பி போன்றது இது.

ஆனால் இந்த ஃபியூஸைக் கெடுத்துவிட வழி உண்டு. ஓர் உதாரணம் பார்ப்போம்; எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒருவர் 3,000 டாலர் இலக்கு வைக்கிறார். தபால் செலவு உட்பட ஒரு கட்டின் விலை 15 டாலர். 200 பேர் சேர்ந்தால் இலக்கு நிறைந்துவிடும். இணையத்தளத்தின் பங்கு 5 சதவீதம். பணம் வசூலிக்கும் கட்டணமும் சேர்த்து 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 2,700. ஒரு கட்டுக்குத் தபாலும் உறையும் 5 டாலர் என்றால் 200 பேருக்கு 1,000. மீதி 1,700 டாலர். ஆனால் அச்சுத் தகடு தயாரித்து இயந்திரத்தைச் சரிசெய்யும் செலவு ஒரு கட்டுக்கும் ஆயிரம் கட்டுகளுக்கும் ஒன்றேயாதலால், ஆலை குறைந்தது 1,000 கட்டுகள் கேட்கிறது. கட்டுக்கு 4 டாலர் வீதம் 4,000. துண்டு விழும் தொகை 2,300 டாலர்!

இந்தத் திட்டம் 'வெற்றி' என்று அறிவிக்கப்படும், பணமும் வசூலிக்கப்பட்டுவிடும், ஆனால் அச்சடிக்க முடியாது. ஒரு கட்டு விற்றால் கழிவும் தபாலும் போக 8.50 டாலர்தான் அச்சுக்கு மிஞ்சும். 4,000ஐ 8.50ஆல் வகுத்தால் 471 பேர் வேண்டும். ஆகவே இலக்கு 7,065 டாலருக்குக் குறையக் கூடாது. 'குறைந்த இலக்குத்தானே, எளிதில் நிறைந்துவிடும்' என்று மகிழக் கூடாது. ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த கம்பியைக் கட்டிவிட்டு, 'இனி விளக்கு அணையவே அணையாது' என்று மகிழ்வதைப் போன்றது அது. மீதியைத் தம் கையிலிருந்து போடுவதாக ஒருவர் விளக்கிச் சொன்னால் அது வேறு விஷயம். அந்த விளக்கம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தாமதமும் மௌனமும்

அசைலம் திட்டத்தின் நாள்களை மறுபடி பாருங்கள். அக்டோபர் இறுதியில் பணம் சேர்ந்தது. டிசம்பரில் தருவதாக வாக்கு. திரண்ட பணம் நடத்துபவர் கைக்கு வரவே சுமார் இரண்டு வாரங்கள் ஆகும். அதன்பின் மாதிரி அச்சைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஆலையில் முறை வர வேண்டும். அச்சாகி, வெட்டி, பெட்டியிலிட்டு, லாரியேறி வந்து, பிறகு தபாலுக்குப் போக வேண்டும். இத்தனையும் எஞ்சிய ஆறு வாரங்களில் முடியுமா என்ற ஐயம் அன்றே எழுந்திருக்கலாம். கால அட்டவணையும் ஒரு கூற்றுத்தான். அதையும் கணக்கிட்டுப் பார்க்க முடியும்.

அதே சமயம் தாமதத்தைக் கண்டு மிரளவும் வேண்டாம். வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களைப் பற்றி 2014இல் மோலிக் வெளியிட்ட ஆய்வில், 75 சதவீதத்துக்கும் மேற்பட்டவை சொன்ன நாளுக்குப் பிறகே பொருளைக் கொடுத்தன என்று தெரிய வந்தது. நேர்மையானவர்களும் தாமதிக்கிறார்கள், நேர்மையற்றவர்களும் தாமதிக்கிறார்கள். எனவே நம் முந்தைய கணக்கின்படி தாமதம் வலுவான சான்றன்று. மௌனம் அப்படியன்று. நேர்மையானவர், 'பெட்டியின் நிறம் சரியாக வரவில்லை, மீண்டும் அச்சடிக்கிறார்கள், இதோ படம்' என்று தம் சங்கடத்தைச் சொல்லிவிடுவார். பல மாதங்கள் வாய் திறவாதிருப்பதே கவலைக்குரிய அடையாளம்.

பணம் போன வழியைச் சொல்வதும் முக்கியம். 2012இல் ஒரு பலகை விளையாட்டுக்காக 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். விளையாட்டு வெளிவராது என்று பின்னர் கைவிடப்பட்டது. திரண்ட பணத்தில் பெரும்பகுதி வீட்டு வாடகை போன்ற சொந்தச் செலவுகளுக்குப் போயிற்று என்று அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2015இல் நடவடிக்கை எடுத்தது. திரள்நிதி பற்றி அவ்வாணையம் எடுத்த முதல் நடவடிக்கை அது. வேறொரு நிறுவனம் முன்வந்து அந்த விளையாட்டை அச்சிட்டு வெளியிட்டது என்பது அதில் ஓர் ஆறுதல். 2014இல் கிக்ஸ்டார்ட்டர் தன் விதிகளையும் தெளிவாக்கியது. சொன்னதைத் தர இயலாவிட்டால் நடத்துபவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். பணம் எப்படிச் செலவாயிற்று என்று காட்ட வேண்டும். மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். கொடுத்தவர்கள் கடைக்குப் போய்ப் பொருள் வாங்கியவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது. கடையில் பொருள் கண்ணெதிரே இருக்கிறது; இங்கே வாக்குறுதி மட்டுமே இருக்கிறது.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்துக்கொள்வோம்.

1. இவர் இதற்கு முன் எதையாவது முடித்துக் கொடுத்திருக்கிறாரா? 
2. அச்சிட்ட மாதிரியைக் காட்டுகிறாரா, வரைந்த படத்தை மட்டும் காட்டுகிறாரா? 
3. அச்சகத்தின் பெயரைச் சொல்கிறாரா? அதைச் சரிபார்க்க முடியுமா? 
4. இலக்குத் தொகையில் அச்சும் தபாலும் அடங்குமா? 
5. கால அட்டவணை நடக்கக்கூடியதா? 
6. எடை, அளவு, எண்ணிக்கை ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? 
7. சங்கடமான கேள்விகளுக்குப் பதில் சொல்கிறாரா?

எல்லாவற்றுக்கும் நல்ல விடை கிடைத்தாலும் முழு உறுதி கிடைக்காது. நிகழ்தகவு ஒருபோதும் 1 ஆகிவிடாது. ஆகவே எட்டாவது கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பணம் போய்விட்டால் நம்மால் தாங்க முடியுமா? தாங்க முடியாத தொகையை எவ்வளவு நல்ல திட்டத்திலும் போடக் கூடாது.

நண்பர்களே, இந்தக் கேள்விகள் அமெரிக்கச் சீட்டுக்கட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. 'ஒரே மாதத்தில் ஆங்கிலம்', 'பெட்ரோலே வேண்டாத மோட்டார்' என்று நம் தெருச்சுவரில் ஒட்டும் விளம்பரத்துக்கும் இவை பொருந்தும். அதே சமயம், பெயர் தெரியாத ஓர் இளம் ஓவியர் நேர்மையோடு கேட்கும் முன்பணமும் இப்படித்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். எல்லோரையும் நம்பினால் நாம் ஏமாறுவோம். எவரையும் நம்பாவிட்டால் அந்த ஓவியரின் கட்டு அச்சேறவே ஏறாது. இந்த இருவரையும் பிரித்தறியத்தான் கணக்கும் பௌதிகமும் நமக்கு உதவுகின்றன. அடுத்த விளம்பரத்தைப் பார்க்கும்போது ஒரு தாளை எடுத்து, அது சொல்லும் கூற்றுகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே அதற்கான சான்றையும் எழுதிப் பாருங்கள். எத்தனை கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அதன்பின் முடிவு செய்யுங்கள்.